பொட்டு வைத்த பாராமீட்டர் தாள்

பழைய மிஷின் ஒன்றை எங்கள் ஷெட்டில் நிறுவ நான் போட்ட பட்டியலில் பதினான்கு வேலைகள் இருந்தன. ஐந்தாவது, மெயின் சுவிட்சைப் போடுவது. ஒன்பதாவது, நினைவக பேட்டரியை மாற்றுவது. இந்த வரிசையைப் பழைய கையேடு ஒன்றைப் பார்த்து எழுதியிருந்தேன். ஏன் இந்த வரிசை என்று எழுதி வைக்கவில்லை.

மிஷின் குன்றத்தூர்ப் பக்கம் மூடப்பட்ட ஒரு பட்டறையிலிருந்து வந்தது. எங்கள் ஷெட் மாடம்பாக்கத்தில். அண்ணன் பல வருடம் கையால் ஓட்டும் மில்லிங் மிஷினில் வேலை செய்தவர். அதை விற்றுவிட்டுத்தான் எண்களைக் கொடுத்தால் தானே வெட்டும் இந்த சிஎன்சி மிஷினுக்கு இடம் உண்டாக்கினோம். வாங்கலாம் என்று சொன்னது நான். பல்லாவரத்தில் வால்வு செய்யும் கம்பெனி ஒன்று, திங்கள் காலைக்குள் இரண்டு சாம்பிள் கொண்டுவரச் சொல்லியிருந்தது. அளவு சரியாக இருந்தால் தொடர்ந்து வேலை தருவார்கள். இல்லையென்றால் அந்த வேலையை எடுத்துக்கொள்ளக் கீழ்க்கட்டளையில் ஒருவர் தயாராக இருந்தார். இது நடந்தது வெள்ளிக்கிழமை.

பத்து இருபதுக்கு எலக்ட்ரீஷியன் மூன்று பேஸ் வயர்களையும் இணைத்து, எர்த்தையும் சோதித்து, டெஸ்டரைப் பையில் போட்டார். அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பத்தரைக்கு ராகு காலம். பன்னெண்டுக்கு மேல போட்டுக்கலாம்."

"இன்னும் பத்து நிமிசம் கீதே சார்," என்றார் எலக்ட்ரீஷியன். "டப்புனு போட்டுட்டா நான் பாட்டுக்கு போய்க்கினு இருப்பேன்."

"போட்டு ஏதாவது ஆச்சுன்னா, அது முடியறதுக்குள்ள பத்தரை ஆயிடும்."

"கல்யாண மாப்ள மாரி நேரம் பாக்குற. சரி, நான் போய் டீ அடிச்சிட்டு வரேன்."

இருவரும் முனையிலிருந்த கடைக்குப் போனார்கள். நான் போகவில்லை. ஒன்று முதல் நான்கு வரை முடிந்திருந்தது: இறக்கி நிறுத்தியது, ரச மட்டம் பார்த்தது, எண்ணெய் ஊற்றியது, வயர். ஐந்தாவதற்கு ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். மின்சாரம் தேவைப்படாத வேலை ஏதாவது இருக்கிறதா என்று பட்டியலில் தேடினேன். பேட்டரி கண்ணில் பட்டது. டார்ச்சில் போடுவது போன்ற பெரிய செல்கள் மூன்று. கழற்றினேன். உள்ளே தகடுகளில் பச்சைப் பாசிபோல் துரு. உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். அதற்கு இருபது நிமிடம் ஆனது. பிறகு புதிய செல்களைப் போட்டு, பட்டியலில் ஒன்பதை அடித்தேன். நேரத்தை வீணாக்கவில்லை என்ற திருப்தி இருந்தது.

பன்னிரண்டு ஐந்துக்கு அண்ணன் சூடம் காட்டி, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, மெயினைப் போட்டார். மின்விசிறி சுற்றியது, திரை பச்சையாக எரிந்தது. முதல் வரியிலேயே நினைவக அலாரம். பாராமீட்டர் பக்கத்தைத் திறந்தேன். மிஷின் தன்னைப் பற்றி வைத்திருக்கும் எண்கள் அங்கே இருக்க வேண்டும்: மேசை எவ்வளவு தூரம் போகலாம், எந்த மோட்டார் எத்தனை சுற்றுக்கு எவ்வளவு நகரும் என்பன போல, நூற்றுக்கணக்கில். எல்லாம் பூஜ்யம்.

அப்போதுதான் ஒன்பது ஏன் ஐந்துக்குப் பிறகு வந்தது என்று புரிந்தது. மின்சாரம் இல்லாதபோது அந்த எண்களைத் தாங்கி நிற்பது பேட்டரி மட்டும்தான். மெயின் ஆனில் இருக்கும்போது கழற்றினால் ஒன்றும் ஆகாது. நான் கழற்றியபோது அதைத் தாங்க எதுவும் இல்லை.

"என் வயரிங்ல ஒண்ணும் இல்லமா," என்றார் எலக்ட்ரீஷியன், யாரும் கேட்பதற்கு முன்.

"இல்லண்ணா. நான்தான் பேட்டரிய கழட்டுனேன்."

அண்ணன் என்னைப் பார்த்தார். "எத்தன மணிக்கு?"

"பத்தே முக்கால் இருக்கும்."

"ராகு காலம்."

"கரண்ட் இல்லாம கழட்டினதுதான் தப்பு."

"அதான் சொல்றேன்."

மிஷினை விற்றவருக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"ஆன்ல வெச்சுல்லம்மா மாத்தணும்."

"தெரியும் சார். இப்ப தெரியும்."

"சரி விடுங்க. கரண்ட் பேனல் கதவு இருக்கு பாருங்க, அதோட உள்பக்கம் பேப்பர் ஒட்டியிருக்கும். எல்லா நம்பரும் அதுல இருக்கு. பூஜை பொட்டு மேல இருக்கும், பாத்துக்குங்க."

"அது மேலயா சார் பொட்டு வெச்சீங்க?"

"வெளிய வெச்சா ஆயில் பட்டு அழிஞ்சிடுதும்மா. உள்ள வெச்சா வருசம் பூரா இருக்கும்."

இருந்தது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பழைய பொட்டுக்குப் பக்கத்தில் புதியது. சந்தனம் காய்ந்து ஓடாகியிருந்தது, நடுவில் குங்குமம். இரண்டு தாள்களில் பதினொரு பொட்டுகள் எண்ணினேன். ஒன்றை நகத்தால் சுரண்டியதும் கீழிருந்த மையும் சேர்ந்து வந்தது. நிறுத்தினேன்.

ஓரங்களைப் பிளேடால் எடுத்து, தாள்களைக் கழற்றி, ஜன்னல் பக்கம் கொண்டு போனேன். பழைய ஊசி பிரிண்டரில் அடித்த தாள். ஒவ்வொரு எழுத்தும் பின்பக்கம் புள்ளிகளாகப் புடைத்திருந்தது. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, பின்பக்கத்தைப் படமெடுத்து, போனில் இடவலம் திருப்பினேன். பொட்டுக்கு அடியிலிருந்த எண்கள் தெரிந்தன. மூன்றைத் தவிர.

மதியம் தொடங்கி அண்ணன் வாசிக்க, நான் விசைகளைத் தட்டினேன். பல வரிகள் எட்டு இலக்கம்; அவர் பூஜ்யத்தை முட்டை என்பார்.

"முட்டை முட்டை ஒண்ணு முட்டை, முட்டை முட்டை முட்டை ஒண்ணு."

"அடுத்தது."

"எட்டும் முட்டை."

"அடுத்தது."

"இதுவும் எட்டு. ஒரு ட்ரே தாண்டிடுச்சு."

அன்று ஆறு மணி வரையும் சனிக்கிழமை மதியம் வரையும் இது நடந்தது. பிறகு நான் வாசித்தேன், அவர் திரையில் சரிபார்த்தார். இரண்டு இடத்தில் நான் தவறாகத் தட்டியிருந்தேன். இரண்டையும் அவர்தான் கண்டுபிடித்தார்.

மீதி மூன்றில் ஒன்று Y அச்சின் மோட்டார் பற்றியது. X அச்சிலும் அதே மோட்டார் என்பதால் அதே எண்ணைக் கொடுத்தேன். இரண்டாவது, மேசை போகக்கூடிய எல்லை. டேப் வைத்து அளந்து, கொஞ்சம் குறைத்தே போட்டேன். மூன்றாவதுதான் சாம்பிளைத் தீர்மானிக்கும்: X அச்சின் திருகில் தேய்மானத்தால் வந்த தளர்வு. மிஷின் திசை மாறும்போது அந்த அளவை அது தானே சேர்த்துக்கொள்ள வேண்டும். சேர்க்காவிட்டால் துளைகள் தள்ளிப் போகும். முடியளவு நகர்வையும் முள்ளில் காட்டும் டயல் கேஜை மேசைமேல் நிறுத்தி, இந்தப் பக்கமாக ஒரு மில்லிமீட்டர், அந்தப் பக்கமாக ஒரு மில்லிமீட்டர் என்று பத்து முறை ஓட்டினேன். பத்து வித்தியாசங்களையும் எழுதி, சராசரியைப் போட்டேன்.

ஞாயிறு காலை இரண்டு சாம்பிள் வெட்டினோம். முதலில் ஒரு வீண் தகட்டில் வெட்டிப் பார்த்தோம். அண்ணன் அவசர நிறுத்தப் பொத்தான்மேல் உள்ளங்கையை வைத்தபடியே நின்றார். அழுத்த வேண்டிவரவில்லை.

திங்கள் காலை பல்லாவரத்தில் தரம் பார்ப்பவர் ஏழு அளவுகளை எடுத்தார். ஆறு நடுவில் இருந்தன. ஏழாவது, X பக்கத் துளை இடைவெளி, எல்லைக்கு உள்ளே, ஆனால் ஓரத்தில். அதைத் திரும்பவும் எடுத்துப் பார்த்தார்.

"இதை மட்டும் கொஞ்சம் பாத்துக்குங்க மேடம். அடுத்த வாரம் அம்பது பீஸ் குடுங்க."

திரும்பும் வழியில் சிக்னலில் அண்ணன் வண்டியை நிறுத்தி, தலையைத் திருப்பாமல் சொன்னார்: "பன்னெண்டு வரைக்கும் கை வெக்காம இருந்திருந்தா இவ்ளோ பேஜார் இல்ல."

அந்த வாக்கியத்தில் தவறு இருக்கிறதா என்று யோசித்தேன். பன்னிரண்டுக்குப் பிறகு என்றால் மெயின் போட்ட பின்தான் பேட்டரிக்கு வந்திருப்பேன். தவறு இல்லை.

"ஆமாண்ணா," என்றேன்.

எண்கள் முழுவதையும் புதிதாக அச்சடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, கதவின் உட்புறம் ஒட்டினேன். பக்கத்தில் என் பட்டியல், இப்போது ஒவ்வொரு வேலைக்கும் ஏன் என்ற ஒரு கட்டத்துடன். ஒன்பதுக்கு எதிரே "மெயின் ஆனில் இருக்கும்போது மட்டும், இல்லையென்றால் நினைவு அழியும்" என்று எழுதினேன். சில நாள் கழித்துக் கதவைத் திறந்தபோது அதற்குக் கீழே அண்ணன் கையெழுத்து இருந்தது: "வெள்ளி 10.30–12 வேண்டாம்."

நான் அழிக்கவில்லை. ஐம்பது பீஸில் பதினேழு வெட்டியாகிவிட்டது. கதவைச் சாத்திவிட்டு அடுத்ததை மேசையில் வைத்தேன்.