எல்வுட் துரை கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிப்பவர்

எல்வுட் துரையின் வரலாற்றை எழுதியவரே, நீங்கள் திண்டுக்கல்லுக்குப் போனீர்கள். அங்கே யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் பொய் எழுதினீர்கள்.

உங்கள் புத்தகத்தைப் படித்துவிட்டுத்தான் நானும் கிளம்பினேன். அமெரிக்காவில் வக்கீலுக்குப் படித்து, வெள்ளைக்காரன் ஆட்சியில் இங்கே வந்து புகையிலை வியாபாரம் செய்தவர் எல்வுட். மனைவி காய்ச்சலில் இறந்தார், அவரும் வாரிசில்லாமல் போனார், கல்லறையை ஒரு வேலைக்காரி பார்த்துக்கொள்கிறாள் என்று முடித்திருந்தீர்கள்.

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். காலை ஆறு மணிக்குக் கரூரில் பஸ் ஏறினேன். டிக்கெட் எழுபது ரூபாய். குஜிலியம்பாறை தாண்டியும் இரு பக்கமும் மானாவாரிச் சோளம்தான். திண்டுக்கல்லில் இறங்கும்போது மணி எட்டரை.

"வண்டி கல்லறைத் தோட்டத்துக்குள்ள போகாதுண்ணே, சனம் அம்புட்டு. வாசல்லயே எறங்கிக்கங்க" என்றார் ஆட்டோக்காரர்.

எல்வுட் கல்லறையில் ஒரு பெண் சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். உங்கள் புத்தகப் படத்தில் இருக்கும் அதே ஆள். பெயர் ஆரோக்கியமேரி. பள்ளிக்கூட ஆசிரியை. எல்வுட்டின் கொள்ளுப்பேத்தி.

"இதுக்கு ஆள் வைக்கக்கூடாதா டீச்சர்?" என்றேன்.

"கூலிக்கு அடிச்சா அது காம்பவுண்டுச் சுவருண்ணே. எங்க வீட்டுல கல்லறைக்கு ரத்த உறவுதான் அடிக்கணும். புத்தகம் எழுதுன அய்யா வந்தன்னிக்கும் அடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். போட்டோ எடுத்தாரு, பேரு கூடக் கேக்கல."

வாளியோடு வந்த அவர் தம்பி சூசை சிரித்தார். "வேலைக்காரின்னு அச்சடிச்சே குடுத்துட்டாருல்லக்கா. சம்பளத்தையும் அவருகிட்டயே கேளு."

"சும்மா கெடடா."

பக்கத்திலேயே இன்னொரு கல்லறை. 'சவேரியம்மாள், எல்வுட்டின் மனைவி' என்று தமிழில் செதுக்கியிருக்கிறது. முதல் மனைவி இறந்தபின் கட்டிக்கொண்ட உள்ளூர்ப் பெண். உங்கள் புத்தகத்தில் அவர் இல்லை. சவேரியம்மாள் மகனின் ஞானஸ்நானச் சான்று நகலை டீச்சர் காட்டினார். தகப்பன் பெயர் எல்வுட். அதே நகலை வைத்து உங்களுக்கு இரண்டு கடிதம் போட்டிருக்கிறார். பதில் இல்லை. இரண்டாம் பதிப்புக்கு விளம்பரம் மட்டும் வந்துவிட்டது.

"சொத்து சொகம் எதுவும் வேணாண்ணே. சவேரியம்மா வைப்பாட்டி இல்ல, பொண்டாட்டி. அம்புட்டுத்தான் புத்தகத்துல வரணும்" என்றார்.

மதியம் பஸ் ஏறினேன். எங்கள் ஊரில் என் அப்பா சமாதிக்கு நான் கூலியாளைத்தான் அனுப்புகிறேன். அவனை மகன் என்று எவனாவது எழுதினால் சட்டையைப் பிடிப்பேன். இங்கே கொள்ளுப்பேத்தியை வேலைக்காரி என்று எழுதிய உங்களை ஒருவரும் கேட்கவில்லை.

நான் கேட்கிறேன். வாரிசு இல்லை என்று எதை வைத்து எழுதினீர்கள்? இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகும் முன், இதே பத்திரிகையில், உங்கள் பெயர் போட்டுப் பதில் சொல்லுங்கள்.