பேரீச்சம்பழத்துக்கு முன்னால் ஒரு குளிசை

நோன்பு திறக்கும் மேசையில் உம்மா எப்போதும் குசினிக் கதவுக்குப் பக்கத்துக் கதிரையில்தான் இருப்பார். யாருடைய கோப்பையிலாவது கஞ்சி குறைந்தால் சட்டென்று எழும்பிப் போக அது வசதி. போன நோன்பில் ஒரு நாள், பாங்கு சொல்லத் தொடங்கியதும் நாங்கள் எல்லோரும் பேரீச்சம்பழத்தை எடுத்தோம். உம்மாவும் கையை நீட்டினார். அந்தக் கை பழத்தட்டைத் தாண்டிப் போய், தண்ணீர்க் கோப்பைக்குப் பின்னால் மடித்து வைத்திருந்த சின்னக் கடதாசி உறையை எடுத்தது. ஒரு குளிசை, ஒரு மிடறு தண்ணீர். அதற்குப் பிறகுதான் பழம்.

பிரஷர் குளிசையாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் எதையும் திரும்பத் திரும்ப நினைக்கிறவள். கேற்றைப் பூட்டிவிட்டு, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவள். மகள் பிறந்த பிறகு அது இன்னும் கூடிவிட்டது. "உனக்கு எல்லாத்துக்கும் பயம்" என்று வீட்டில் கேட்டுக் கேட்டு, என்னுடைய சந்தேகங்களை நானே நம்பாத பழக்கம் வந்திருந்தது.

ஆனால் மானின் விஷயம் மனதை விட்டுப் போகவில்லை. அது நோன்புக்கு முந்தி நடந்தது. நான் ஓர்ஸ் ஹில்லில் ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. பகலில் இரண்டு வயது மகளை உம்மாதான் பார்த்துக்கொள்வார். எங்கள் டவுனில் மான்கள் தெருவில் மாடுகள் போலத் திரியும். அன்று நான் வீட்டுக்கு வந்து ஓட்டோவால் இறங்கும்போது, பக்கத்து வீட்டு அக்கா என் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டோரமாக நின்றார்.

"உங்கட ராசாத்தி நடுரோட்டில நிண்டு மானுக்குப் பாண் தீத்திக்கொண்டு நிண்டவ. பஸ்காரன் ஹோர்ன் அடிச்சும் அசையேல்ல, பாத்துக்கொள்ளுங்கோ" என்று சிரித்தார். பிள்ளையின் கையில் அந்த ரொட்டித் துண்டு இன்னும் இருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேற் திறந்து கிடந்தது. உள்ளே டீவி சத்தமாகப் போய்க்கொண்டிருக்க, உம்மா கதிரையில் வாய் சற்றுத் திறந்தபடி நித்திரையாக இருந்தார். தோளைத் தொட்டு உலுக்கியும் அவருக்கு உடனே நினைவு வரவில்லை. கண்ணைத் திறந்து, என்னை யாரோ போலப் பார்த்தார்.

"கொஞ்சம் கண் அசந்திட்டன் மகள்" என்றார். நாக்குத் தடித்தது போல இருந்தது பேச்சு. வயது போகிறது, நாள் முழுக்கப் பிள்ளையோடு ஓடுகிறார், களைப்புத்தானே என்று விட்டுவிட்டோம்.

நோன்பு தொடங்கியதும் எல்லாம் மறுபக்கம் திரும்பியது. பகலில் அசந்து தூங்குகிறவர் பகலில் தூங்காமலே ஆனார். பின்னேர அஸர் தொழுகை நேரம் நெருங்க நெருங்க அவருடைய கைகள் நடுங்கும். ஃபேனுக்குக் கீழே இருந்தும் மேலுதடு வேர்க்கும். தேங்காய் திருவுகிற சத்தம் தாங்க ஏலாமல் காதைப் பொத்துவார். ஒரு நாள் மகள் கரண்டியைக் கீழே போட்டதற்கு, "அந்தச் சத்தத்த நிப்பாட்டு!" என்று கத்தினார். என்னை வளர்த்த காலத்தில்கூட உம்மா குரல் உயர்த்தியது கிடையாது. பிள்ளை அழவில்லை. உம்மாவின் முகத்தைப் பார்த்தபடி சுவரோடு ஒட்டி நின்றாள்.

"மாமிக்குச் சீனி இறங்குது" என்றார் கணவர். விரலில் குத்திப் பார்த்தோம். சீனி சரியாகத்தான் இருந்தது. "அப்ப நோம்புக் களைப்பு. எனக்கும்தான் அஸருக்குப் பிறகு ஆரையாவது கடிக்கோணும் போல இருக்கு" என்று அவர் பகிடி விட்டார். எங்கள் வீடுகளில் நோன்பு மாதத்தில் யாருக்கு என்ன செய்தாலும் காரணம் கையில் தயாராக இருக்கும். நடுங்கினால் பசி, சிடுசிடுத்தால் தாகம், தலையிடித்தால் தேத்தண்ணி இல்லாத குறை. பதினொரு மாதமும் மறைந்திருந்த ஒன்று அந்த மாதத்தில் வெளியே வந்தது. நாங்கள் அதற்கும் நோன்பின் பெயரையே வைத்தோம்.

மேசையில் அந்தக் கையைப் பார்த்த பிறகுதான் எனக்கு யோசனை வந்தது. பசியால் நடுங்குகிற கை பழத்துக்குத்தானே முதலில் போகவேண்டும்? அடுத்த நாள், "உம்மா, முதல்ல பழத்த எடுங்க" என்று நானே அவர் கையில் வைத்தேன். எடுத்தார், மென்றார், கஞ்சியும் குடித்தார். நடுக்கம் நிற்கவில்லை. உறையை எடுத்தார். மஃரிப் தொழுதுவிட்டு வரும்போது முகம் தெளிந்து, கை நிலையாகி, எங்களோடு சிரித்துக் கதைத்தார்.

அந்த உறை எப்போது வீட்டுக்குள் வந்தது என்று அப்போதுதான் பின்னால் போய்ப் பார்த்தேன். வாப்பா மௌத்தான பிறகு உம்மா இத்தா இருந்தார். கணவனை இழந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே போகாமல் இருக்கிற காலம் அது. இரவில் ஒரு பொட்டும் கண் மூட ஏலவில்லை. அவசரத்துக்கு டொக்டரிடம் போகலாம் என்று மார்க்கம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். உம்மா கேற்றைத் தாண்ட மாட்டேன் என்றார். அதனால் சொந்தக்காரர் ஒருவர் டொக்டரிடம் போய் நிலைமையைச் சொல்லி மருந்து வாங்கி வந்தார். சின்ன உறை, மேலே இரவுக்கு என்று ஒரு குறி, மருந்தின் பெயர் இல்லை. கொஞ்ச நாளைக்கு என்றுதான் டொக்டர் கொடுத்திருக்கிறார். இத்தா முடிந்து உம்மா வெளியே வந்தார். குளிசையும் கூடவே வந்தது. ஒரு பாமசியில் வெறும் உறையைக் காட்டினால் தருவார்கள், இன்னொன்றில் வாப்பாவின் பெயரைச் சொன்னாலே போதும். இரவுக்கு என்று இருந்தது, நெஞ்சு படபடக்கிறது என்று காலைக்கும் வந்தது, பிறகு மத்தியானத்துக்கும். நோன்பில் அந்தப் பகல் குளிசைகளைத்தான் அவர் விட வேண்டி வந்தது. சுற்றியிருந்த நாங்கள் எல்லோரும் அன்பாகத்தான் இருந்தோம். அந்த அன்பில் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் நான் கேட்டேன்.

"உம்மா, அந்தக் குளிசை என்னத்துக்கு?"

"நித்திரைக்கு."

"நித்திரைக்குள்ளத நோம்பு திறந்த உடனே ஏன் எடுக்கிறீங்க?"

"அப்பதான் கை நடுங்காம இரிக்கி."

"அது இல்லாம ஏலாம இரிக்கெண்டா, உம்மா, அதுக்குப் பேர்..." நான் நிறுத்திவிட்டேன். ஆனால் சொல்லாத சொல் அவருக்குக் கேட்டுவிட்டது. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் பள்ளிவாசல் ஸ்பீக்கரில் போதைப் பழக்கத்தைப் பற்றிப் பயான் பேசினார்கள். உம்மா குசினியில் இருந்தபடி ஒவ்வொரு துஆவுக்கும் ஆமீன் சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்னையா சொல்லுறாய்?" என்றார். "சந்தியில நிக்கிற பொடியனுகளையும் என்னையும் ஒண்டாக்கிறியா? டொக்டர் தந்த மருந்து மகள் இது. களவெடுத்தா குடிக்கன்?"

நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்டது சரியா, கேட்காமல் விட்டிருக்க வேண்டுமா, வேறு விதமாகச் சொல்லியிருக்க வேண்டுமா என்று அன்று முழுக்க யோசித்தேன். அடுத்த நாள் விடியுமுன் சஹர் சாப்பிட எழும்பும்போது உம்மா எனக்கு முன்பே குசினியில் நின்றார். "நிய்யத்து வெச்சிட்டன்" என்றார். "அல்லாஹ்வுக்காக இனி அதத் தொடமாட்டன். உறையெல்லாம் கிணத்தடிக் குப்பையில."

எனக்கு நிம்மதியில் கண் கலங்கிவிட்டது. "மாமி சொன்னா சொன்னதுதான்" என்றார் கணவரும். உம்மா வாழ்க்கையில் எந்த நோன்பையும் பாதியில் விட்டவர் அல்ல. இதையும் ஒரு நோன்பு போலப் பிடித்தால் முடிந்துவிடும் என்று அவர் நம்பினார். நானும் நம்பினேன். படித்தவள், போனில் ஒரு முறை தேடிப் பார்த்திருக்கலாம். எதையெதையோ தேடுகிறவள், அதைத் தேடவில்லை.

இரவும் இல்லை, பகலும் இல்லை, உம்மாவுக்கு நித்திரை அடியோடு போனது. சுவரில் ஏதோ ஊர்கிறது என்றார். பொறுத்துக்கொள்கிறார், அல்லாஹ் கூலி கொடுப்பான் என்று நாங்கள் பாராட்டினோம். பிறகொரு பின்னேரம் சமூசா பொரிக்க மாவு உருட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். உடம்பு விறைத்து வெட்டி வெட்டி இழுத்தது. நல்ல வேளை, அடுப்பு இன்னும் பற்றவைக்கவில்லை. மகள் கதவோரம் நின்று, "உம்மம்மா ஆடுறா" என்றாள். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தார். "வாயில ஒண்டும் வைக்காதேங்கோ, பக்கவாட்டில திருப்புங்கோ" என்று அவரே உம்மாவைத் திருப்பிப் பிடித்தார். இழுப்பு நின்ற கையோடு ஓட்டோவில் ஏற்றினோம்.

ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருவர், "அம்மா ஏதும் குளிசை எடுக்கிறவவோ?" என்று கேட்டார். சுற்றிச் சொந்தக்காரர்கள் நின்றார்கள். பிரஷருக்கு என்று சொல்ல வாய் எடுத்தேன். உம்மாவின் மானம் ஒரு பக்கம், உம்மா ஒரு பக்கம். "நித்திரைக் குளிசை. கன காலமா. இப்ப ஒரேயடியா நிப்பாட்டிட்டா" என்றேன். டொக்டர் தலையாட்டி எழுதிக்கொண்டார். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அதற்காக இன்றைக்கும் அவருக்கு துஆச் செய்கிறேன்.

இரண்டொரு நாளில் மனநலப் பிரிவின் டொக்டர் வந்தார். நடுத்தர வயதுப் பெண். கட்டிலில் உம்மாவின் காலடியில் அமர்ந்து பேசினார்.

"அம்மா, உங்கட மூளை இந்தக் குளிசைக்குப் பழகிப்போச்சு. அது உங்கட குணத்தில உள்ள பிழை இல்லை. ஆனா படக்கெண்டு நிப்பாட்டினா இப்பிடித்தான் வலிப்பு வரும், உயிருக்கும் ஆபத்து. நாங்கள் இதைத் திரும்பத் தந்து, கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்பம். மாசக் கணக்காகும்."

"நான் நிய்யத்து வெச்சன் டொக்டர்."

"நிய்யத்து அப்பிடியே இருக்கட்டும் அம்மா. வேகத்தை மட்டும் எங்களிட்ட விடுங்கோ."

உம்மா முதல் தடவையாக அழுதார். அதுவரை, வாப்பாவுக்குக்கூட, அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

மீதி நோன்பை அவர் பிடிக்கக் கூடாது என்றார்கள், பகலிலும் குளிசை எடுக்க வேண்டும். வலிப்பை விட அதுதான் அவருக்குப் பெரிய வெட்கம். குசினிக் கதவைச் சாத்திவிட்டு, சுவரைப் பார்த்தபடி தண்ணீர் குடிப்பார். "நீ நோம்பு, இங்க நிக்காத" என்று என்னைத் துரத்துவார். நான் போகவில்லை. குளிசைகள் என் அலுமாரியில் இருந்தன, ஒவ்வொரு நேரத்துக்கும் நான்தான் எடுத்துக் கொடுப்பேன். "சின்னப் பிள்ளைக்கு மிட்டாய் குடுக்கிற மாதிரி" என்று கசப்பாகச் சொல்லிக்கொண்டே விழுங்குவார்.

பெருநாளைக்குக் குறிஞ்சாக்கேணியிலிருந்து சாச்சி வந்தார். உம்மாவின் தங்கை. என்ன வருத்தம் என்று கேட்டதும் நான் முந்திக்கொண்டு, "சீனி" என்றேன். உம்மா என்னைப் பார்த்தார். பிறகு சாச்சியிடம், "சீனியுமில்ல ஒண்டுமில்ல. நித்திரைக் குளிசைக்குப் பழகிட்டன். இப்ப குறைக்கன்" என்றார். சாச்சி வட்டிலப்பத்தை மெல்லக் கீழே வைத்தார். அக்காவின் பக்கம் குனிந்து, "அந்தச் சின்ன வெள்ளைக் குளிசையா தாத்தா?" என்று கேட்டார். அடுத்த கிளினிக்குக்கு இருவரும் சேர்ந்துதான் போனார்கள்.

ஒவ்வொரு முறை அளவைக் குறைக்கும்போதும் கொஞ்ச நாள் நடுக்கம், பயம், கெட்ட கனவு. பிறகு உடம்பு அதற்குப் பழகும். ஒரு முறை தாங்க ஏலாமல் பழைய அளவுக்கே திரும்ப வேண்டி வந்தது. தோற்றுவிட்டதாக உம்மா தலையைத் தொங்கப் போட்டார். "படியில ஒருக்கா நிண்டு மூச்சு வாங்கிறதுதானே" என்றார் டொக்டர்.

இதற்கெல்லாம் நடுவில், மகளை நான் உம்மாவிடம் விடவில்லை. வேலைக்குப் போகும் வழியில் மதினி வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். உம்மா காலையில் பிள்ளைக்குத் தலை வாரி, பொட்டலமாகச் சோறு கட்டி, கேற் வரைக்கும் வந்து நிற்பார். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது குளிசையை மட்டுமல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் நடுரோட்டில் பாணோடு நின்ற பிள்ளை என் கண்ணுக்குள்ளேயே நின்றாள்.

கடைசியில் ஒரு நாள் தலை வாரும்போதே கேட்டுவிட்டார். "இந்தப் பிள்ளைய எப்ப என்னட்டத் தருவாய்?"

கிளினிக்கில் டொக்டரிடம் நான் அதைத்தான் கேட்டேன். "இப்ப கை நடுக்கம் இல்லை, பகல் மயக்கம் இல்லை. மிச்சம் இருக்கிறது துண்டுக் குளிசை" என்றார். "ஆனா மனசு சரியெண்டு சொல்ல வேண்டியது நீங்கள்."

என் மனது எதற்குத்தான் சரி என்று சொல்லியிருக்கிறது? முதலில் நான் வீட்டில் இருக்கும் நாட்களில் விட்டுப் பார்த்தேன். பிறகு கடைக்குப் போய் வரும் நேரத்துக்கு. பக்கத்து வீட்டு அக்காவிடமும் உண்மையைச் சொல்லி, இடைக்கிடை எட்டிப் பார்க்கச் சொன்னேன். உம்மாவுக்குத் தெரியாமல் அல்ல, அவருக்கு முன்னாலேயே சொன்னேன்.

போன திங்கட்கிழமை முழு நாளும் விட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினேன். தெருமுனை வரை நடந்தேன். அங்கே இரண்டு மான்கள் குப்பையைக் கிளறிக்கொண்டு நின்றன. திரும்பினேன்.

உம்மா முற்றத்தில் கதிரை போட்டு, பிள்ளையை மடியில் வைத்திருந்தார். கண்கள் தெளிவாக இருந்தன. நான் வருவேன் என்று தெரிந்தவர் போலச் சிரித்தார்.

"கேற்றப் பூட்டிட்டன் மகள்" என்றார் இருந்த இடத்திலிருந்தே. "இழுத்துப் பாத்திட்டுப் போ."

இழுத்துப் பார்த்தேன். பூட்டித்தான் இருந்தது.