தம்பி சாப்பிட்டுவிட்டானா?

சலூன்காரருக்குக் கூடப்பிறந்தவன் ஒரே தம்பி, பத்து வயது இளையவன். அப்பா போனபிறகு அவனை ஆளாக்கியது அவர்தான். சின்ன வயதில் கொழுகொழுவென்று இருந்ததால் தெருவே அவனைப் பூசணி என்று கூப்பிட்டது. அவனும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பான்.

செல்போன் கடையில் வேலைக்குச் சேர்ந்ததும் அவன் ஓட ஆரம்பித்தான். முதலில் இனிப்பை விட்டான், பிறகு எண்ணெயை விட்டான், கொஞ்ச நாளில் ராத்திரிச் சாப்பாட்டையே விட்டான். ஆளே மாறிவிட்டான். சலூனுக்கு வந்தவர்களெல்லாம் தம்பி ஜம்மென்று ஆகிவிட்டதாகச் சொன்னார்கள். அண்ணனுக்குத் தலைகால் புரியாத பெருமை.

தம்பிக்கு முடிவெட்டுவது எப்போதும் அவர்தான். ஒருநாள் சீப்பை வைத்து இழுத்தபோது முடி கொத்தாக வந்தது. தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று விட்டுவிட்டார். அடுத்த முறை கழுத்தில் துணி கட்டும்போது தோள் எலும்பு கையில் இடித்தது. முதுகில் பச்சைக்குழந்தைக்கு இருப்பதுபோல் பூனைமுடி படர்ந்திருந்தது. வெயில் கொளுத்தும் மதியத்தில், குளிருகிறது, ஃபேனை நிறுத்து என்றான் தம்பி.

தம்பியோடு இருக்கும் அம்மாவிடம் கேட்டார். அவன் கடையிலேயே சாப்பிட்டுவிடுகிறான் என்றாள். கடையில் கேட்டால், வீட்டில் மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான். சலூன்காரரின் மனைவிதான் தயங்கித் தயங்கிச் சொன்னாள். இங்கே வந்து சாப்பிட உட்கார்ந்தாலும் எல்லாவற்றையும் பிய்த்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குகிறானாம். எழுந்ததும் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டால் வெகுநேரம் வெளியே வருவதில்லையாம்.

சலூன்காரருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதட்டல். தம்பியைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்து, தட்டு காலியாகாமல் எழுந்திருக்கக்கூடாது என்றார். கண்ணீர் வழிய வழிய அவன் விழுங்கினான். அதோடு அண்ணன் வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை, போனையும் எடுக்கவில்லை. சலூன்காரருக்கு வேலை ஓடவில்லை. வாடிக்கைக்காரர் ஒருவரின் காதோரத்தில் கத்தியைப் போட்டுவிட்டார்.

அவர் பயந்தது நடந்தது. கடையில் ஏணிமேல் நின்று பெட்டி எடுத்துக்கொண்டிருந்த தம்பி மயங்கி விழுந்தான். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, நாடி மிகவும் மெதுவாக ஓடுகிறது, இங்கேயே தங்கட்டும் என்றார். இது அடமல்ல, நோய் என்று அண்ணனுக்கும் அம்மாவுக்கும் விளக்கினார். எலும்பும் தோலுமாக ஆகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, சாப்பாட்டை ஒளிக்கத் தொடங்கியபோதே அழைத்து வந்திருக்கலாம். இனி மனநல டாக்டரையும் உணவு ஆலோசகரையும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "எம்புள்ள என்ன பைத்தியமா? நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"பேசட்டும்மா. மொதல்ல இவன் இருக்கணும்ல?" என்றார் சலூன்காரர்.

தம்பியோ, தனக்கு ஒன்றுமில்லை, எல்லாரும் நன்றாயிருக்கிறாய் என்றுதானே சொன்னார்கள் என்றான்.

"நானுந்தான்டா சொன்னேன். இப்பப் பயமா இருக்கு. இனிமே உன் தட்டப் பத்தி வாயத் தொறக்க மாட்டேன். டாக்டர்கிட்ட மட்டும் எங்கூட வா."

தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அப்படியே மெல்லச் சொன்னான்: "உடம்பு வந்துட்டா மறுபடியும் அப்படிக் கூப்பிடுவாங்கண்ணா."

சலூன்காரர் அவன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐஸ் மாதிரி இருந்தது.

அதன்பிறகு நல்ல வாரமும் வந்தது, கெட்ட வாரமும் வந்தது. உடம்பு கொஞ்சம் தேறும், தேறியதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு மறுபடி பட்டினி கிடப்பான். டாக்டரைப் பார்க்க மாட்டேன் என்று சண்டை பிடிப்பான். அண்ணன் பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்பார். முணுமுணுத்துக்கொண்டே வந்து ஏறுவான். சாப்பாட்டு நேரத்தில் அண்ணி சலூனில் நடந்த கதைகளைச் சொல்வாள். யாரும் அவன் தட்டைப் பார்ப்பதில்லை, பார்க்காததுபோல் இருப்பதற்குள் சலூன்காரருக்கு வியர்த்துவிடும்.

ஒருமுறை டாக்டர் அறை வாசலில் தம்பியே சொன்னான்: "நீ கடையத் தொறக்கப் போண்ணா. நான் பேசிட்டு வந்துர்றேன்."

சரியென்று தலையாட்டிவிட்டு இறங்கி வந்தார். கடைக்குப் போகவில்லை. எதிர்ப்புறம் மர நிழலில் நின்று, அவன் வெளியே வரும்வரை அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.