ஊருக்கே ஒரே மண்

பட்டினச்சேரிக்கு மேற்கே ஒரு கிராமத்தில், மண் பரிசோதனைக்கு மண் எடுப்பது எப்படி என்று தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்திருந்தேன். வயலில் நாலைந்து இடத்தில் குழி வெட்டி, பக்கவாட்டில் சுரண்டிய மண்ணைக் கலந்து ஒரு பையில் கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான். விவசாயிகளுக்குப் பயிற்சி தரும் வேலைக்கு வந்ததிலிருந்து, அவ்வளவுதான் என்று நான் சொன்ன எதுவும் அவ்வளவோடு முடிந்ததில்லை.

பைகள் வந்தன. கட்டி உடைத்து, கல் பொறுக்கி, சலித்த மண். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு அலங்கரித்தது போல ஒரு பைக்குக் குங்குமம்கூட வைத்திருந்தார்கள். எல்லா வயலும் அருமை, உப்பு துளியும் இல்லை என்று முடிவு வந்தது. கடல் அவ்வளவு பக்கத்தில் இருக்கிற ஊரில்! அதில் ஒரு பை, கணவரை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக வயல் பார்க்கும் பெண்ணுடையது. போன சம்பாவில் அவர் நட்டதெல்லாம் கருகிப்போயிருந்தது. இந்த முறையும் போனால் வயலைத் தானே எடுத்துக்கொள்வதாகக் கொழுந்தனார் சொல்லியிருந்தார். அந்த மண்ணும் அருமையாம். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. ஆய்வகத்துக்குப் போய்ச் சண்டை போட்டேன்.

மறுநாள் ஊரிலேயே நல்ல வயலுக்குச் சொந்தக்காரர் என்னைத் தேடி வந்தார்.

"பன்னி வெரட்ட எதாச்சும் பயிற்சி இருக்குங்களா சார்? வயலெல்லாம் குழி பறிச்சு வச்சிருக்கு."

போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு குழியும் நான் சொன்ன ஆழம், நான் சொன்ன வடிவம். பன்றிகளுக்கு நான் பயிற்சி கொடுத்ததில்லை. மொத்த ஊரும் இவர் வயலில்தான் மண் எடுத்திருக்கிறது. முடிவுகளை மைக்கில் வாசிப்பது எங்கள் வழக்கம். ஊர் நடுவில் தன் நிலம் உப்பு என்று கேட்க யாருக்கு மனசு வரும்?

கூட்டத்தன்று, உப்பைத் தாங்கும் விதைநெல் மூட்டைகள் மேடைக்குப் பக்கத்தில் இருந்தன. உப்பு நிலத்துக்கு மட்டும் இலவசம் என்று அட்டையில் எழுதி வைத்திருந்தேன்.

"உங்க ஊர்ல உப்பு நிலமே இல்லீங்க. மூட்டைய திருப்பி வண்டியில ஏத்திடலாம்" என்றேன் மைக்கில். கைதட்டினார்கள். பிறகு மூட்டைகளைப் பார்த்தார்கள்.

அந்தப் பெண்தான் எழுந்தார்.

"நான் குடுத்தது என் மண்ணு இல்லீங்க சார். என் வயலு உப்பு. காஞ்சா வெள்ளையா பூத்துடுது."

பிறகு முன்வரிசையிலிருந்து ஒரு குரல்: "உப்புன்னா என் வயலுதாங்க உப்பு!"

"இவன் வயலு என்ன உப்பு? என் வயல்ல உப்பளமே போடலாம்!"

நல்ல வயல்காரரும் எழுந்து, தனக்கும் லேசாகக் கரிப்பதாகச் சொன்னார். கொழுந்தனார் ஒரு படி மேலே போய், தன் வயலுக்கு வந்து மண்ணை நக்கிப் பார்க்கும்படி என்னைக் கூப்பிட்டார். அந்தப் பெண் திரும்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மற்றவர்கள் வயலில் நானே வந்து மண் எடுப்பேன் என்று கத்திவிட்டு, முதல் மூட்டையை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தேன். வண்டியில் வைத்துக் கட்டும்போது மெதுவாகக் கேட்டார்.

"நெசமாவே எல்லாரு வயலும் உப்பா சார்?"

"முக்கால்வாசி அப்படித்தான் இருக்கும்மா."

"பயிரு கருகுனப்ப, நான் கால் வச்ச ராசின்னாங்க. நானும் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன்."