செனட்டரின் ஐந்து வருடங்கள்

நியூ ஜெர்சி, 1988 அக்டோபர், சனிக்கிழமை. நடந்தவை:

1. காலை 8.40. பிஸ்கட்டவேயிலிருந்து நியூ பிரன்ஸ்விக் ரயில் நிலையம், நான்கு மைல், பக்கத்து வீட்டு சிவா அங்கிளின் காரில்.
2. 10.05. நியூவர்க்கில் வண்டி மாறினேன். ஜர்னல் ஸ்கொயர் வரை ஒரு டாலர்.
3. 10.30 முதல் 1 மணி வரை. இத்தாலியில் செனட்டராக இருந்த ஒருவரின் வாழ்க்கையை ஒரே பக்கத்தில் டைப் செய்தேன்.
4. அதில் ஒரு வரி பொய்.

காரில் அங்கிள் கேட்டது என் ரெஸ்யூமேயைப் பற்றி. என் கணவருக்கு ஹூஸ்டனில் ப்ராஜெக்ட். மாதம் ஒரு முறை வருவார். வேலை செய்ய அனுமதி இல்லாத விசாவில் இரண்டு வருடம் இங்கே தனியாக இருந்தேன். போன மாதம் கிரீன் கார்டு வந்தது. வரும் திங்கட்கிழமை என் முதல் இன்டர்வியூ.

"அந்த ரெண்டு வருஷத்துக்கு கன்சல்டன்ட்னு போட்டியாம்மா?"

"போட்டுட்டேன் அங்கிள்."

"குட். யாரு செக் பண்ணப் போறா? என் தங்கச்சிக்கும் இதான் பண்ணேன். இப்ப அவ எனக்கே அட்வைஸ் பண்றா."

செனட்டரின் மகள் மரியா எங்கள் ஊர் நூலகத்தில் வேலை செய்பவர். அந்த இரண்டு வருடமும் பகலில் என்னோடு பேசிய ஒரே ஆள். ஞாயிற்றுக்கிழமை இத்தாலிய சங்கம் தன் அப்பாவுக்கு விருந்து வைக்கிறது, அவரது வாழ்க்கைக் குறிப்பை டைப் செய்து தர வேண்டும் என்றார்.

ஜர்னல் ஸ்கொயர் நிலையத்திலிருந்து ஆறு தெரு தள்ளி, மூன்றாம் மாடியில் அவர் அப்பாவின் வீடு. டைப் அடிக்க வந்தவளுக்காகப் பெரியவர் கோட்டும் டையும் அணிந்து உட்கார்ந்திருந்தார். அவர் இத்தாலியனில் சொல்ல, மரியா ஆங்கிலத்தில் சொன்னார். போர் முடிந்ததும் ஊர் நகரசபை. பிறகு இரண்டு முறை செனட்டர். அடுத்த தேர்தலில் தோல்வி. ஐந்து வருடம் கழித்து மீண்டும் வெற்றி.

இடப்பக்கம் வருடம், வலப்பக்கம் பதவி என்று அடித்தேன். தோற்ற ஐந்து வருடத்துக்கு எதிரே வெற்றிடம் விட்டேன். பெரியவர் அங்கே விரலை வைத்து நெடுநேரம் பேசினார். மரியா இரண்டே சொல்லில் முடித்தார்.

"ஆலோசகர்னு போடணுமாம்."

"யாருக்கு ஆலோசகர்?"

"தினமும் இதே மாதிரி கோட்டு போட்டுக்கிட்டு போன் பக்கத்துல உட்கார்ந்திருப்பார். எனக்கு அப்போ பன்னிரண்டு வயசு. ஒருத்தரும் கூப்பிடலை." மரியா புதுத்தாளை நீட்டினார். "போடு, பரவாயில்லை."

போட்டேன். பெரியவர் இரண்டு முறை படித்துவிட்டு என் கையைக் குலுக்கினார்.

2.15. திரும்பும் ரயிலில் அதன் கார்பன் பிரதியையும் என் ரெஸ்யூமேயையும் மடியில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே அமைப்பு. அந்த ஐந்து வருடம் எங்கேயும் உறுத்தவில்லை; ஆனால் அவை எப்படிப் போயின என்று மரியாவுக்குத் தெரியும். ஹீட்டர் சத்தத்தோடு என் வீட்டில் போன இரண்டு வருடத்தைப் பார்த்தவர் யாருமில்லை. நானும் மூடிவிட்டால் அவை இல்லாமலே போய்விடும்.

நிலையத்தில் அங்கிள் காத்திருந்தார்.

"உங்க கம்ப்யூட்டர்ல ஒரு பிரிண்ட் எடுக்கணும் அங்கிள்."

"எதுக்கும்மா? நேத்துதானே எடுத்தே?"

"அதுல ஒரு வரியை எடுத்துடணும்."

அங்கிள் காரை நேராகத் தன் வீட்டுக்கு விட்டார்.

இப்போதைய நிலை: செனட்டரின் தாளில் ஆலோசகர் என்ற வரி இருக்கிறது. என் தாளில் இரண்டு வருடம் காலியாக இருக்கிறது. இன்டர்வியூ திங்கள் காலை ஒன்பது மணிக்கு.