தூக்க வேண்டாம் மாமா

அந்தத் தை மாதக் காலையில் அண்ணனும் தானும் பேசிக்கொண்டதைக் காவ்யாவால் இன்றும் வரிசை மாறாமல் சொல்ல முடியும். மறந்துவிடத்தான் பார்த்தாள். முடியவில்லை.

“ஒரு வாய் டீயாவது குடிச்சிட்டுக் கெளம்புண்ணே,” என்று அவள்தான் தொடங்கினாள்.

“வேணாம்.”

“நேத்து ராத்திரியும் ஒண்ணும் குடிக்கல. என்ன விரதமா?”

“ஆமா. ஊர்க்கூட்ட விரதம்,” என்றான் செல்வம். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, வேட்டி மடிப்பைத் தொடை மேல் திரும்பத் திரும்பச் சரி செய்துகொண்டிருந்தான். பிறகு கேட்டான்: “ஒங்க ஓட்டல் வாசல்ல படி இருக்கா?”

கொடைக்கானலில் ஒரு ஓட்டலின் வரவேற்பு மேசையில் காவ்யாவுக்கு வேலை.

“இருக்கு. பக்கத்துலயே சரிவும் இருக்கு.”

“சரிவு யாருக்கு?”

“டூரிஸ்ட்டுங்க பெட்டிய உருட்டிக்கிட்டு வர்றதுக்கு.”

“பெட்டிக்கு இருக்குற மரியாதையப் பாரு!” என்று சிரித்தான். “இன்னைக்கு அதைத்தான் கேக்கப் போறேன். சமுதாயக் கூடத்துப் படி மழையில இடிஞ்சு கெடக்குல்ல. எப்படியும் புதுசா கட்டணும். ஒரு பக்கம் சரிவா போட்டுருங்கன்னு.”

காவ்யாவுக்குச் சுருக்கென்றது.

“ஒனக்காகவா? ஒன்னையத்தான் நாலு பேரு தூக்கிட்டுப் போறாங்களே. மொக்கைச்சாமி மாமா எந்தச் சோலியில இருந்தாலும் போட்டுட்டு ஓடி வர்றாரு. இதுக்கு மேல என்ன வேணும்? கேக்க நாக்கு கூசலையா ஒனக்கு?”

அவன் வேட்டி மடிப்பை இன்னொரு முறை நீவி விட்டான்.

“கூசுது,” என்றான் கடைசியில். “வேற ஒண்ணுக்குக் கூசுது.”

“எதுக்கு?”

“வெரசா கதவைத் தெற. அவங்க வந்துருவாங்க.”

கொடைக்கானல் மலையில் பேத்துப்பாறையிலிருந்து கீழே இறங்கும் ஒரு கிளைப் பாதையில் இருக்கிறது அவர்கள் ஊர். தோட்டங்களில் உயர்ந்து நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றியிருப்பார்கள். மிளகு பறிக்க ஒற்றை மூங்கில்தான் ஏணி. கணுக்களில் வெட்டாமல் விட்ட கிளைக் கட்டைகள்தான் படி. ஒருவர் ஏறுவார், இன்னொருவர் அடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஏறுகிறவனுக்குப் பெயரும் கூலியும் கூடுதல். ஆனால் அவன் உயிர் பிடிக்கிறவர் கையில் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். செல்வம் ஏறுவான். மொக்கைச்சாமி மாமா பிடிப்பார். ஆண்டுக்கணக்காக அந்த ஜோடி மாறியதில்லை.

பனி ஈரம் காயாத ஒரு காலையில் மூங்கில் வழுக்கியது. மாமா கையை விடவில்லை. மூங்கிலோடு சேர்ந்து அவரும் மண்ணில் இழுபட்டுப் போனார். அவர் உள்ளங்கைத் தோல் உரிந்தது. செல்வத்தின் முதுகுத்தண்டு நொறுங்கியது.

இடுப்புக்குக் கீழே இனி உணர்வு வராது என்று தெரிந்த பிறகு அவன் சில மாதம் சுவரைப் பார்த்தே படுத்திருந்தான். யாராவது நலம் விசாரிக்க வந்தால் போர்வையைத் தலை வரை இழுத்துக்கொள்வான். அம்மா நாச்சியம்மாள்தான் ஊர் ஊராக விசாரித்து, காயம்பட்டவர்களுக்குப் பயிற்சி தரும் ஒரு மையத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். கட்டிலிலிருந்து நாற்காலிக்குக் கைகளை ஊன்றித் தாவுவதை அங்கே கற்றான். விழுவதையும், விழுந்தால் தானே ஏறி உட்காருவதையும் கற்றான். சிறுநீர் போவது தெரியாது என்பதால் குழாயும், தொடையில் கட்டிக்கொள்ளும் பையும் என்று ஆனது. அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய அம்மாவைக்கூட அவன் விட்டதில்லை.

ஊர் திரும்பியதும் மருந்தடிக்கும் பம்புகளைப் பழுது பார்க்க ஆரம்பித்தான். பூண்டுத் தோட்டம், பீன்ஸ் தோட்டம் என்று எங்கே பம்பு மக்கர் செய்தாலும் அவன் வாசலுக்கு வந்துவிடும். “ஏலே, டாக்டரு இருக்காராடா?” என்று கேட்டுக்கொண்டே வருவார்கள். தார்ச்சாலை ஓரமாகத் தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு டீக்கடை வரை போவான். படி உள்ள இடம் வந்தால் மட்டும் ஊர் அவனைத் தூக்கும். கோயில், கல்யாண வீடு, சமுதாயக் கூடம் எங்கேயும் அவன் வாசலில் காத்திருந்ததே கிடையாது. அவன் வாய் திறப்பதற்கு முன்பே நாலு பக்கமும் கை விழுந்துவிடும். நாற்காலியின் முன்பக்க வலது மூலை எப்போதும் மொக்கைச்சாமி மாமாவுடையது. வேறு யாரையும் அந்த இடத்தில் நிற்க விடமாட்டார்.

காவ்யாவுக்கு அதில் பெருமை. ஓட்டலில் கூட வேலை செய்யும் பெண்களிடம் சொல்லியிருக்கிறாள்: “எங்க ஊர்ல எங்கண்ணன சாமி மாதிரி தூக்கிட்டுப் போவாங்க.”

தை மாதக் கூட்டத்தில் செல்வம் சரிவைக் கேட்டான். வயசானவங்களுக்கு உதவும், பிள்ளைத்தாய்ச்சிக்கு உதவும் என்று சுற்றி வளைத்துத்தான் சொன்னான்.

ஊர்த்தலைவர் பழனிமுத்துவுக்கு அது புரியவில்லை. “ஏம்ப்பா செல்வம், ஒன்னைய எப்பவாச்சும் வெளிய நிறுத்தி வச்சிருக்கமா?”

“இல்லண்ணே.”

“முகம் சுளிச்சிருக்கமா?”

“இல்லண்ணே.”

“அப்புறம் என்ன?”

மொக்கைச்சாமி மாமா எழுந்தார். “நாங்க இருக்கோம்ல மாப்ளே?” என்றார். ஏணியைப் பிடித்த அந்தக் கைகளைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார். இடிந்த படியையே திரும்பக் கட்டுவதாக முடிவானது. திரும்பும்போது நாலு பேரும் வழக்கம்போலத் தூக்கினார்கள். ஆனால் தூக்கும்போது எப்போதும் அவனைச் சீண்டும் கேலிப் பேச்சு அன்று இல்லை. நன்றிகெட்டவன் வீட்டுப் பெண்ணாகத் தன்னைப் பார்க்கிறார்களோ என்று காவ்யா தனியே ஒதுங்கி நடந்தாள்.

மாசியில் அவனுக்குக் குளிர் காய்ச்சல் வந்தது. போர்த்தப் போர்த்த உடம்பு தூக்கிப்போட்டது. கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். டாக்டர் பரிசோதித்துவிட்டு, செல்வத்தை விட்டுவிட்டுக் காவ்யாவிடம் இங்கிலீஷில் பேசினார். சிறுநீரில் கிருமி, அது சிறுநீரகம் வரை போயிருக்கிறது. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டியவர் குடிக்காமல் இருந்திருக்கிறார். இன்னொரு முறை இப்படி ஆனால் உயிருக்கே ஆபத்து. ஏன் குடிப்பதில்லை என்று கேளுங்கள்.

ஓட்டலில் நாள் முழுக்க ஒரு மொழிப் பேச்சை இன்னொரு மொழியில் மாற்றிச் சொல்கிறவள்தான். இந்த ஒரு கேள்வியைத் தமிழில் கேட்க அவளுக்குச் சொல் தேட வேண்டியிருந்தது.

“ஏண்ணே தண்ணி குடிக்க மாட்டேங்குற?”

செல்வம் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “தூக்குறப்ப சேர் சாயுது. பை நசுங்குது. போன திருவிழாவுல குழாய் கழண்டுருச்சு. மாமா தோள்லதான் ஊத்துச்சு. சட்டையெல்லாம் நனைஞ்சுருச்சு. அவரு ஒண்ணும் சொல்லல. நானும் ஒண்ணும் சொல்லல. அதுலருந்து, வெளிய போகணும்னா மொத நாளே குடிக்கிறத நிறுத்திருவேன்.”

டாக்டர் காத்திருந்தார். அண்ணன் சொன்னதில் பாதியைத்தான் காவ்யா அவருக்குச் சொன்னாள். நாக்கு கூசலையா என்று தான் கேட்டது நினைவுக்கு வர, கட்டிலின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

காய்ச்சல் தணிந்து வீடு வந்த பிறகு செல்வம் சொன்னான்: “சுத்தி வளைச்சு சொன்னது தப்பு. இன்னும் படி கட்ட ஆரம்பிக்கல. அடுத்த கூட்டத்துல உள்ளத உள்ளபடி சொல்லிரப் போறேன்.”

“எல்லார் முன்னாடியுமா? பொம்பளைங்க இருப்பாங்கண்ணே.”

“இருக்கட்டும்.”

“நாளைக்கு அதையே சொல்லிச் சிரிப்பாங்க. நான் எப்படி அந்த வழியா பஸ்ஸுக்கு நடப்பேன்?”

சொல்லிவிட்டுத்தான், தான் பேசியது முழுக்கத் தன்னைப் பற்றியே என்று அவளுக்கு உறைத்தது. அவன் கோபப்படவில்லை. கழற்றிப் போட்டிருந்த பம்பின் வாசரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான்.

சித்திரை பிறந்ததும் கூட்டம் கூடியது. அன்று வெள்ளனே எழுந்து இரண்டு செம்பு தண்ணீர் குடித்தான். கூடத்து வாசலில் நாலு பேரும் தயாராக நின்றார்கள். செல்வம் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டான்.

“தூக்க வேண்டாம் மாமா. இன்னைக்கு நான் தண்ணி குடிச்சிட்டு வந்திருக்கேன்.”

மாமாவின் முகம் வெளுத்தது. உள்ளே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இடிந்த படிக்குக் கீழே இருந்தபடியே செல்வம் பேசினான். பை, குழாய், திருவிழா, நனைந்த சட்டை, காய்ச்சல் எல்லாவற்றையும் சொன்னான். “நீங்க தூக்குறதுல ஒரு குறையும் இல்ல. ஒங்க கை மேல எனக்கு நம்பிக்கை இல்லாம இல்ல. தாகத்தோட வர்றது என்னால முடியல,” என்றான்.

காவ்யா அவன் நாற்காலிக்குப் பின்னால் பக்கவாட்டில் நின்றிருந்தாள். ‘பை’ என்ற சொல் அவன் வாயிலிருந்து வந்ததுமே அவள் கழுத்து மடங்கிவிட்டது. தன் செருப்பில் ஒட்டியிருந்த செம்மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சு நின்றது.

“எனக்கு அன்னைக்கே தெரியும் மாப்ளே,” என்றது மொக்கைச்சாமி மாமாவின் குரல். “வெளிய சொன்னா நீ வீட்டை விட்டு வர மாட்டேன்னு கம்முன்னு இருந்தேன். வீட்டுல எளநி கொட்டிருச்சுன்னு சொல்லி சட்டையத் தொவைக்கப் போட்டேன். ஒங்க அத்தை விடலையே! ‘யாருய்யா ஒனக்கு எளநி வாங்கிக் குடுத்தவ’ன்னு அன்னைலருந்து ஒரே சண்டை.”

பெண்கள் பக்கமிருந்துதான் முதலில் சிரிப்பு வெடித்தது. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “அடப் பாவி மனுசா, இதைச் சொல்லித் தொலைக்கக் கூடாதா!” என்றாள். பழனிமுத்து தொண்டையைக் கனைத்து, “சரிவு போட்ருவோம்ப்பா,” என்றார். “கேக்கத் தெரியாம கேட்டுட்டு எங்கள வில்லனாக்கிட்ட.”

அந்தச் சிரிப்பில்தான் காவ்யா தலையை நிமிர்த்தினாள். செல்வம் மாமாவைப் பார்க்கவில்லை, தலைவரைப் பார்க்கவில்லை. திரும்பி அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரமாகப் பார்த்திருந்தானோ.

முதலில் போட்ட சரிவு லோடு ஏற்றும் பலகை மாதிரி செங்குத்தாக இருந்தது. செல்வம் கொத்தனார் சேனாதிபதியோடு சண்டை போட்டு அதை உடைத்துத் திரும்பப் போட வைத்தான். முதல் நாள் அவன் ஏறும்போது மாமா பின்னாலேயே வந்தார், நாற்காலியைத் தொடாமல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு. மேலே ஏறி முடித்ததும் துண்டால் கண்ணைத் துடைத்தார்.

இப்போது பள்ளங்கி, போளூர் என்று எங்கே பள்ளியோ கூடமோ ரேசன் கடையோ புதிதாகக் கட்டினாலும் செல்வம் போய்விடுகிறான். காயம்பட்டு வீட்டுக்குள் கிடப்பவர்கள் இருந்தால் அவர்களையும் பார்த்துவிட்டு வருகிறான். எல்லா இடத்திலும் இளநீர்க் கதையைச் சொல்கிறான்; சிரிக்கிறார்கள். விடுமுறை நாளில் காவ்யா கூடப் போகிறாள். அவன் ‘பை’ என்று சொல்லும் இடம் நெருங்கும்போது இப்போதும் அவள் கழுத்து கனக்கிறது. நிமிர்த்தி வைக்கப் பார்க்கிறாள். சில நாள் முடிகிறது.

அந்தச் சித்திரைக் கூட்டத்துக்குப் போகும் வழியில், பாலத்துத் திருப்பத்தில் அவன் சக்கரத்தை நிறுத்தியிருந்தான். தங்கையிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவன். அன்று கேட்டான்.

“பாப்பா, நீ ஒண்ணும் பேச வேணாம். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் தலையக் குனியாம மட்டும் நில்லு.”