நான் சொல்லாத வெடிப்பு

யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் டிராக்டர் திருத்திய நான், தொண்ணூறுகளில் கனடாவின் ஸ்காபரோவில் கார்களுக்கான பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தேன். மெக்கானிக் வேலைக்குச் சான்றிதழ் வேண்டும். அந்தச் சோதனையை இரண்டு தரம் எழுதினேன். கேள்விகளின் ஆங்கிலம் விளங்காமலே இரண்டு தரமும் தோற்றேன்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் வேலையை மேற்பார்க்கும் போர்மன் வந்து, தன் மாமனாரின் பழைய டிராக்டரைப் பார்க்க முடியுமா என்று கேட்டார். மாமனாருக்கு ஸ்ரௌவ்வில் என்ற ஊருக்கு வடக்கே பண்ணை. அதை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றாயிற்று. பனிக்கு முன் வெளியேற வேண்டும். அதற்கு முன், தன் தகப்பன் வாங்கிய டிராக்டரை இலையுதிர்காலச் சந்தையில் நடக்கும் இழுவைப் போட்டியில் ஒருதரம் ஓட்டிவிட வேண்டும் என்பது கிழவரின் ஆசை.

சனிக்கிழமை போனேன். டிராக்டர் கொட்டிலுக்குள் நின்றது. எஞ்சின் அசையவில்லை. கிழவருக்கு நுரையீரல் வருத்தம். ஒக்சிஜன் சிலிண்டரை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். எஞ்சினின் ஒரு பக்கத்தில் அழுக்கைச் சுரண்டினேன். அங்கே ஒரு சாண் நீளத்துக்கு மயிரிழைபோல் ஒரு வெடிப்பு. ஏதோ ஒரு குளிர்காலத்தில் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரை வடிக்காமல் விட்டிருக்கிறார்கள். அது உறைந்து இரும்பைப் பிளந்திருக்கிறது. சும்மா ஓடலாம். பாரம் இழுக்காது.

“என்ன சொல்கிறாய், மெக்கானிக்? செய்யலாமா?” என்றார் கிழவர்.

இந்த நாட்டில் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

“செய்யலாம்” என்றேன்.

கோடை முழுக்கச் சனிக்கிழமைகள் அங்கே போயின. எஞ்சின் சிலிண்டர்களுக்குள் எண்ணெய் ஊற்றி இரண்டு கிழமை ஊறவிட்டு, இறுகிக் கிடந்ததை இளக்கினேன். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். இழுக்கும்போது முன்பக்கம் எழும்பாமல் இருக்க இரும்புப் பாளங்கள் பூட்டினேன். வெடிப்பின்மேல் உலோகப் பசை பூசி, அதன்மேல் சிவப்புப் பெயின்ற் அடித்தேன். பெயின்ற் அடிப்பதைக் கிழவர் பார்த்துக்கொண்டிருந்தார். அழகாக இருக்கிறது என்றார்.

வீட்டில் மனைவி கேட்டாள்.

“உது ஓடுமோ?”

“ஓடும்.”

“பாரம் இழுக்குமோ?”

நான் கை கழுவத் தொடங்கினேன். அவளுக்கு விளங்கிவிட்டது.

“அந்த மனுசனுக்குச் சொன்னனீங்களோ?”

“இல்லை.”

“சொல்லுங்கோ. பாவம், வருத்தக்கார மனுசன்.”

“சொன்னா அடுத்த சனி நான் எங்கை போறது?”

அவள் அரிசியைக் களைந்து அடுப்பில் வைத்தாள்.

ஒரு சனிக்கிழமை சொல்லிவிடும் எண்ணத்தோடுதான் போனேன். கிழவர் கொட்டிலுக்குள் குனிந்து நின்று, மூச்சு வாங்க வாங்க, டிராக்டரின் இருக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணியை வாங்கி மிச்சத்தை நான் துடைத்தேன்.

போட்டியன்று போர்மன் ஓட்டுவதாக இருந்தது. கிழவர் விடவில்லை. மூக்கிலிருந்த குழாயைக் கழற்றி, போர்மனின் மனைவியான தன் மகளிடம் கொடுத்தார். நானும் போர்மனும் அவரைத் தூக்கி ஏற்றினோம். பின்னால் பூட்டும் பாரவண்டியில், இழுக்க இழுக்கச் சுமை முன்னுக்கு நகரும். போகப் போக இழுவை கடினமாகும். முதல் முப்பது அடி நன்றாகவே போனார். சனம் கை தட்டியது. பிறகு எஞ்சின் முனகியது. பசை பிய்ந்து வெந்நீர் சீறியது. கிழவர் ஆவிக்குள் மறைந்துபோனார். எஞ்சின் இறுகி நின்றுவிட்டது.

நான் ஓடிப்போய் அவரை இறக்கினேன். உதடு நீலம் பாரித்திருந்தது. மகள் குழாயை மூக்கில் வைத்தாள். இரண்டு மூச்சு இழுத்தார்.

“நான்தான் அளவுக்கு மிஞ்சி முடுக்கிவிட்டேன்” என்றார். “நீ நன்றாகத்தான் செய்திருந்தாய். நான் பழுதாக்கிவிட்டேன்.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். போர்மன் நின்றார், மகள் நின்றாள். நான் அவருடைய தொப்பியை நிலத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

அந்த மாதமே டிராக்டரைப் பழைய இரும்புக்காரன் லொறியில் ஏற்றிக்கொண்டு போனான். கிழவர் தை மாதம், மகள் வீட்டில் இறந்தார். செத்தவீடு முடிந்து போர்மன் வேலைக்குத் திரும்பிய அன்று என் மெஷினடிக்கு வந்து நின்றார். தன் தகப்பனின் டிராக்டரைத் தானே கெடுத்துவிட்டதாகக் கிழவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாராம்.

நான் தலையாட்டினேன். அச்சிலிருந்து அடுத்த துண்டு விழுந்தது. அதை எடுத்துப் பிசிறு வெட்டினேன்.